நெஞ்சு படபடக்கிறது, இது நோயா?

கேள்வி: வயது 21. ஆணாக வளர்க்கப்பட்ட நான் பெண் என்று இப்போதுதான் புரிகிறது. அன்றிலிருந்து படபடப்பு, தூக்கமில்லை. இது நோயா?
– பெயர் வேண்டாம், எண்ணூர்.

பதில்: நீங்கள் பெண்ணாக உணர்வது நோயே இல்லை, தங்கச்சி. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் அது மனநோய்களோடு இல்லை. ‘உன்னை ஆணாக மாற்றிவிடுகிறேன்’ என்பவர் மருத்துவரானாலும் போகாதீர்கள். அத்தகைய முயற்சிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்திருக்கிறது.

படபடப்புக்கு உதவி உண்டு. தூக்கம் வராத இரவில் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்தால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. திருநங்கையருக்கான பிரிவு எதுவென்று கேளுங்கள்.

வீட்டில் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒருவேளை சண்டையானால் தங்க இடமும் கையில் கொஞ்சம் காசும் இருக்கட்டும். அதுவரை காத்திருப்பது பொய் வாழ்க்கை ஆகாது. நம்பும் ஒருவரிடம் மட்டும் முதலில் சொல்லுங்கள்.