பழைய ஆட்டமும் புதிய பெட்டியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன், வாசலூர்பட்டி, கொல்லிமலை

முன்னுரை

மனிதன் புதிய கருவி ஒன்றைச் செய்யும்போதெல்லாம் பழைய கருவி ஒன்று பரணுக்குப் போகிறது. இசைத்தட்டு போய் நாடா வந்தது. நாடா போய்க் குறுந்தட்டு வந்தது. இன்று அதுவும் அருகிவிட்டது. ஆனால் பாட்டு போகவில்லை. ஒரு கருவியில் ஒலிப்பதை இன்னொரு கருவியில் பதிந்துகொண்டால் பாட்டு பிழைத்துக்கொள்ளும். வீடியோ கேம் அப்படியன்று. பழைய ஆட்டத்தைப் புதிய பெட்டியில் ஆடுவது ஏன் கடினம்? அதற்கு என்னென்ன வழிகள் உள்ளன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது நூல்களைப் படித்ததால் மட்டும் எழுந்த கட்டுரையன்று. என் அண்ணன் கேட்ட ஒரு கேள்வியால் எழுந்தது.

அண்ணன் கேட்ட கேள்வி

கொல்லிமலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் எங்கள் வாசலூர்பட்டியைப் படகு இல்லத்தால் அறிந்திருப்பர். தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் எங்கள் வீட்டிற்கும் ஒரு பெட்டி வந்தது. சில ஆண்டுகள் கழித்து, பள்ளி விடுமுறை நாள்களில் மிளகு பறித்த கூலியைச் சேர்த்து வைத்து, என் அண்ணன் நாமக்கல் கடைத்தெருவிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். மஞ்சள் நிறக் கேசட் ஒன்று, இரண்டு கைப்பிடிகள், ஒரு துப்பாக்கி. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது. உண்மையில் சில ஆட்டங்களே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. மாரியோ, கான்ட்ரா, டாங்கி ஆட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக வாத்துச் சுடும் ஆட்டம். வாத்துச் சுடுவதில் எங்கள் தெருவில் அண்ணனை வென்றவர் இல்லை.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அண்ணன் போர்வெல் வண்டிக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்ற நிலையில் அந்த ஒருவன் நானானேன். பழைய தொலைக்காட்சி பழுதாகி, வீட்டில் எல்.இ.டி. டிவி வந்தது. சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்த அண்ணன் பரணிலிருந்து டிவி கேமை இறக்கிப் புதிய டிவியில் மாட்டினார். படம் வந்தது, பாட்டு வந்தது, மாரியோ ஓடினான். ஆனால் துப்பாக்கியால் ஒரு வாத்துகூட விழவில்லை. திரையில் மூக்கை வைத்துச் சுட்டும் பயனில்லை. மறுநாள் ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனோம். துப்பாக்கி செத்துவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். வரும் வழியில் அண்ணன் கேட்டார்: “ஏன்டா தம்பி, அதெப்படிச் சும்மா இருந்த துப்பாக்கி கெட்டுப்போகும்? நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, சொல்லு பார்ப்போம்.”

என்னால் அன்று விடை சொல்ல முடியவில்லை.

ஆட்டம் எங்கே இருக்கிறது?

ஆட்டம் கேசட்டுக்குள் இருக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். கேசட்டுக்குள் இருப்பது நினைவகச் சில்லு ஒன்று. அதில் இருப்பவை எண்கள். எங்கள் வீட்டுப் பெட்டி, ஜப்பான் நாட்டு நின்டென்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ‘ஃபேமிகாம்’ என்னும் பெட்டியின் உரிமம் பெறாத நகல் என்பதை இப்போது அறிவேன். அதன் செயலி, 6502 என்னும் புகழ்பெற்ற செயலியின் வழி வந்தது. நொடிக்கு ஏறக்குறைய 18 இலட்சம் துடிப்புகளில் இயங்குவது. வேலை செய்வதற்கான நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே.

அச்செயலிக்கு 169 என்ற எண்ணைக் கொடுத்தால், ‘அடுத்து வரும் எண்ணை எடுத்துக் கையில் வைத்துக்கொள்’ என்று பொருள். இன்னொரு குடும்பத்துச் செயலிக்கு அதே 169 வேறு பொருள் தரும். ஒரு மொழியில் எழுதிய சமையல் குறிப்பை அம்மொழி அறியாதவரிடம் கொடுத்ததைப் போன்றது இது. குறிப்பு பத்திரமாக இருந்தும் சோறு வேகாது.

மொழி மட்டுமன்று, காலமும் வேண்டும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையை வரையும். நம் நாட்டில் 50 முறை. ஒவ்வொரு வரைதலுக்கும் ஓர் அடி என்று கணக்கிட்டு எழுதிய ஆட்டத்தை மாற்றாமல் 50-இல் ஓடவிட்டால், வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்துவிடும். ஆகவே ஆட்டம் என்பது கேசட், செயலி, கடிகாரத் துடிப்பு, திரை ஆகியவை சேர்ந்தது. இவற்றுள் ஒன்றை மாற்றினாலும் அந்த வேலையைச் செய்ய வேறொன்று வேண்டும்.

புதிய பெட்டிக்கு வரும் நான்கு வழிகள்

முதல் வழி, பழைய செயலியையே புதிய பெட்டிக்குள் வைப்பது. சோனி நிறுவனம் 2000-இல் பிளேஸ்டேஷன் 2-ஐ வெளியிட்டபோது, 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் செயலியையும் அதனுள் வைத்தது. அதைச் சும்மா வைக்கவில்லை. புதிய ஆட்டம் ஓடும்போது உள்ளீடு, வெளியீடு வேலைகளை அது பார்த்துக்கொண்டது. பழைய வட்டைப் போட்டால் அதுவே தலைமை ஏற்றது. இது சிக்கனமான, அழகான ஏற்பாடு எனலாம். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் முதல் வகையிலும் இவ்வாறே முந்தைய பெட்டியின் சில்லுகள் இருந்தன. ஆனால் அவை விலையைக் கூட்டின. 2007-இல் வந்த மலிவு வகையில் அவை நீக்கப்பட்டன. பிளேஸ்டேஷன் 2 வட்டுகளை அது ஏற்கவில்லை.

இரண்டாம் வழி, செயலியின் குடும்பத்தை மாற்றாதிருப்பது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-உம் 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-உம் ஒரே குடும்பத்துச் செயலிகளைக் கொண்டவை. ஆகவே முன்னதன் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை பின்னதில் ஓடுகின்றன. பேச்சு வழக்கு சிறிது மாறினாலும் மொழி ஒன்றே என்பது போல.

மூன்றாம் வழி, போலச் செய்தல். இதை எமுலேஷன் என்பர். புதிய செயலியில் ஒரு நிரல் அமர்ந்து, பழைய ஆட்டத்தின் எண்களை ஒவ்வொன்றாகப் படித்து, ‘பழைய செயலி இருந்தால் இப்போது என்ன செய்திருக்கும்?’ என்று பார்த்து அதையே செய்து காட்டும். மேடையில் ஒருவர் பேசப் பேசப் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பவரைப் போன்றது இது. மொழிபெயர்ப்பவர் பேசுபவரைவிடப் பல மடங்கு வேகமாகச் சிந்திக்க வேண்டும். எனவேதான் பழைய சிறு பெட்டிகளைப் போலச் செய்வது இன்று எளிதாகவும், ஆற்றல் மிக்க பெட்டிகளைப் போலச் செய்வது கடினமாகவும் உள்ளது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் ஒன் 2015 முதல் முந்தைய எக்ஸ்பாக்ஸ் 360 ஆட்டங்கள் பலவற்றை இவ்வாறே ஓட்டியது. 2025-இல் வந்த நின்டென்டோ ஸ்விட்ச் 2-உம் முந்தைய ஸ்விட்ச் ஆட்டங்களை உடனுக்குடன் மொழிபெயர்த்தே ஓட்டுகிறது.

நான்காம் வழி, உரிமையாளரே ஆட்டத்தைப் புதிய பெட்டிக்கென்று திருத்தி எழுதி மீண்டும் விற்பது. நன்றாக விற்கும் என்று நம்பிக்கையுள்ள ஆட்டங்களுக்கே இப்பேறு கிடைக்கும்.

கைவிடப்பட்டவை

இந்நான்கு வழிகளில் எதுவும் தானாக நடப்பதில்லை. யாரேனும் ஒருவர் பணமும் உழைப்பும் செலவிட்டுப் பழையதைத் தூக்கிச் செல்ல வேண்டும். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ என்னும் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதே ஆண்டு மார்ச் மாதம் நின்டென்டோ தன் 3டிஎஸ், வீ யூ பெட்டிகளுக்கான இணையக் கடைகளை மூடியது. அங்கு மட்டும் விற்ற ஆட்டங்களை இனி முறைப்படி விலை கொடுத்து வாங்க வழியில்லை.

நம் நாட்டின் நிலை இன்னும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 2009-இல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் நிறுவனம் ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற ஆட்டத்தைப் பிளேஸ்டேஷன் 2-க்கு உருவாக்கியது. முழுவதும் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் கன்சோல் ஆட்டம் என்று அது பேசப்பட்டது. அதே ஆண்டு அதே நகரத்தின் கேம்சாஸ்திரா நிறுவனம் ‘தேசி அட்டா’ என்ற ஆட்டத்தைத் தந்தது. நாம் தெருவில் ஆடும் கபடியும் கிட்டிப்புள்ளும் பட்டம் விடுதலும் அதில் இடம்பெற்றன. பிளேஸ்டேஷன் 4-உம் 5-உம் பிளேஸ்டேஷன் 2-இன் வட்டுகளைப் படிப்பதில்லை. பிளேஸ்டேஷன் 2-இன் உற்பத்தியும் 2013-இல் நின்றுவிட்டது. நம்மவர் எடுத்துவைத்த முதல் அடிகள், பழைய பெட்டிகள் பழுதாகாதிருக்கும் வரைதான் திரையில் தெரியும்.

திரையும் துப்பாக்கியும்

இனி அண்ணன் கேள்விக்கு வருவோம். துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் பாய்வதில்லை. திரையின் ஒளிதான் துப்பாக்கிக்குள் போகிறது. அதன் குழலுக்குள் ஒரு வில்லையும் ஒளி உணரியும் உள்ளன. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுவதும் இருளும். அடுத்த வரைதலில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். இரண்டு வாத்துகள் இருந்தால் அடுத்தடுத்த வரைதல்களில் ஒவ்வொன்றாகத் தோன்றும். எந்த வரைதலில் துப்பாக்கி ஒளியைக் கண்டதோ அந்த வாத்து விழும். விளக்கின் பக்கம் துப்பாக்கியை நீட்டி ஏமாற்றுவதைத் தடுக்கவும் அந்த இருட்டு உதவுகிறது.

ஒரு வரைதலுக்கு ஆகும் நேரம் 20 மில்லி நொடி. பழைய பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை, வரும் சைகையை அந்தக் கணமே திரையில் வரைந்துவிடும். எல்.இ.டி. டிவியோ வந்த படத்தைச் சேமித்து, பெரிதாக்கி, திருத்தி, பிறகே காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வரும் முன்னரே பெட்டி பார்த்து முடித்து, ‘குறி தவறியது’ என்று எழுதிவிடுகிறது. மேலும் ஒரு செய்தி உண்டு. டியூபில் கற்றை நொடிக்கு ஏறக்குறைய 15,600 கோடுகளை வரைவதால் ஒளி அதே அதிர்வெண்ணில் துடிக்கும். அசல் துப்பாக்கியின் சுற்று அத்துடிப்புக்கே இசைவிக்கப்பட்டது. எல்.இ.டி. திரையில் அந்தத் துடிப்பே இல்லை.

இதைப் படித்தறிந்த பின்னும் எனக்கு ஐயம் தீரவில்லை. பேராசிரியரின் அனுமதியுடன் துப்பாக்கியை நம் ஆய்வகத்திற்கு எடுத்து வந்தேன். ஒளி உணரியின் முனைகளைக் கதிர் அலைகாட்டியுடன் இணைத்து, அதன்முன் ஒரு குண்டு பல்பை எரியவிட்டோம். வீட்டு மின்சாரத்தில் எரியும் பல்பின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அலைகாட்டியில் அந்த அலை தெளிவாகத் தோன்றியது. ஒளி உணரி நன்றாகவே இருந்தது.

ஆடிப் பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழாவுக்கு அண்ணன் ஊர் வந்தார். எங்கள் பெரியம்மா வீட்டில் இலவசத் தொலைக்காட்சி ஒன்று மிளகு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. இறக்கித் துடைத்து மாட்டினோம். முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. பத்துக்குப் பத்து. பெரியம்மாவின் பேரப்பிள்ளைகள் கைதட்டினர். அண்ணன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப இது மேல தப்பில்ல” என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். படித்த படிப்பால் வீட்டாரின் கேள்வி ஒன்றுக்கு விடை சொல்லியது அன்றுதான்.

முடிவுரை

பழைய ஆட்டம் புதிய பெட்டியில் ஓடாவிட்டால் ஆட்டம் கெட்டது என்று பொருளன்று. அது எதை நம்பிச் செய்யப்பட்டதோ அது இப்போது இல்லை என்பதே பொருள். செயலியைப் போலச் செய்யலாம். கடிகாரத்தைப் போலச் செய்யலாம். பிக்சர் டியூபின் அந்த உடனடி ஒளியை எல்.இ.டி. திரையில் கொண்டுவருவது இன்றும் எளிதன்று. ஆகவே நண்பர்களே, வீட்டில் இருக்கும் பழைய டியூப் தொலைக்காட்சியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒருமுறை எண்ணுங்கள். ஓடும் நிலையில் இருப்பதை நம் ஆய்வகத்திற்குத் தந்தால், எலக்ட்ரான் கற்றை விலகுவதைக் காந்தம் கொண்டு காட்டவும் பயன்படும். ஆனால் அதன் மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் டியூபில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கக் கூடும்.

துப்பாக்கியும் மஞ்சள் கேசட்டும் இப்போது பரணில் இல்லை. பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சியின் மேல் இருக்கின்றன. அண்ணன் அடுத்த பொங்கலுக்கு வருவார்.