முதல் தனிப்பறப்புக்கு யார் அனுமதி தருவது?

மாணவர்களே, விமானம் ஓட்டப் பழகுபவர் ஒருநாள் பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறக்க வேண்டும். அன்று விமானமும் சற்று மாறிவிடுகிறது. செஸ்னா 152 பயிற்சி விமானத்தின் உச்ச எடை 757 கிலோ. 75 கிலோ பயிற்றுநர் இறங்கிவிட்டால், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அதைத் தாங்கும் தூக்குவிசையும் அந்த அளவுக்குக் குறைவாகவே தேவை. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, இறக்கைக் கோணம் மாறாதபோது, ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்த வேகமே போதும். பழகிய பழைய வேகத்திலேயே இறங்க வந்தால், விமானம் தரையைத் தொடாமல் ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டே போகும். பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லை.

எனவே, "இவர் தயார்" என்று முடிவெடுப்பவரின் தகுதி முக்கியம். அங்கேதான் நாடுகள் வேறுபடுகின்றன. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு குறைந்தபட்ச விதிகளை வகுக்கிறது. அதற்குமேல் கூட்டிக்கொள்வது அந்தந்த நாட்டின் விருப்பம்.

அமெரிக்காவில் புதிய பயிற்றுநர், சான்றிதழ் பெற்ற நாளிலிருந்தே மாணவரின் தனிப்பறப்புக்குக் கையொப்பமிடலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, புதியவர் மற்றொரு பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் கற்பிக்க வேண்டும். முதல் தனிப்பறப்பை அனுமதிக்க முடியாது. 100 மணி நேரம் கற்பித்து, மாணவர்களின் 25 தனிப்பறப்புகளையும் மேற்பார்வையிட்ட பிறகே அந்தத் தடை நீங்கும். கனடாவிலும் நான்காம் வகுப்புப் பயிற்றுநர் மூத்தவரின் மேற்பார்வையில்தான் தொடங்குகிறார்.

ஒரே திறமை, ஆனால் வேறு வேறு உரிமை. இது நியாயமா என்று ஐரோப்பியப் புதியவர் கேட்கலாம். ஆனால் கேள்வியை மாணவரின் இருக்கையிலிருந்தும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 250 மணி நேரம் போதும். பயணிகள் விமான நிறுவனத்தில் சேரவோ பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பவே பலர் பயிற்றுநராகிறார்கள். சிலருக்குக் கற்பிப்பதைவிடப் பறப்பு நேரப் பதிவேட்டின் மீதே கண் இருக்கக்கூடும் (எல்லாரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது).

என்னைக் கேட்டால், ஐரோப்பிய விதியில் 100 மணி நேரத்தைவிட அந்த 25 தான் பொருத்தமான அளவுகோல். கடிகாரம் எப்படியும் ஓடிவிடும். தனியே பறக்கும் மாணவரைத் தரையிலிருந்து பார்த்துப் பொறுப்பேற்பதே இந்தத் தொழிலின் கடினமான பகுதி.

இப்போது ஒரு கணக்கு: எடை 20 விழுக்காடு குறைந்தால், தேவையான வேகம் எத்தனை விழுக்காடு குறையும்? 0.8இன் வர்க்கமூலத்திலிருந்து தொடங்குங்கள்.