ஒன்பதாயிரம் பாட்டுக்கு ஒரு பெட்டி
(இளமறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

இசையை விரும்பாதார் இவ்வுலகில் இலர். அதிலும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இசைமீது சற்றுக் கூடுதலான உரிமை உண்டு என்றே நான் எண்ணுகிறேன். 1976ஆம் ஆண்டில் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாகத் திரையுலகில் நுழைந்த இளையராஜா நம் பண்ணைப்புரத்துக்காரர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசனும் தம்பி கங்கை அமரனும் அவ்வூர்க்காரர்களே. கவிஞர் வைரமுத்து வளர்ந்த வடுகபட்டியும் நமக்குத் தொலைவில் இல்லை. ஆனால் இக்கட்டுரை இசை வல்லுநர்களைப் பற்றியதன்று. சேர்த்து வைத்த பாட்டுகளை எதில் போட்டுக் கேட்பது என்னும் சிறிய கேள்வியைப் பற்றியது. இந்தக் கேள்விக்கு விடை காண எனக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. ஒருமுறை பணத்தையும் இழந்தேன்.

என் தந்தையார் உத்தமபாளையத்திற்கு அருகில் ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வீரபாண்டி சித்திரைத் திருவிழா என்று எங்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர். தொழில் நலிந்த காலத்தில் எம்.பி.3 குறுந்தகடுகளாக வாங்கிச் சேர்த்ததில் சுமார் 9,000 பாடல்கள் இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தோம். இவை தவிர ஒரு தகரப் பெட்டியில் 40 கேசட்டுகள். அவற்றில் இருப்பது சினிமாப் பாட்டு அன்று. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் நாற்று நட்ட பெண்களின் நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியன. அவற்றில் பாதிக்கு மேல் என் அப்பத்தாவின் குரல். அவர் இன்று இல்லை.

சர்க்கரை நோயால் அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. திராட்சைத் தோட்டத்தில் அம்மா வேலை பார்க்கும்போது அவர் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். "எல்லாப் பாட்டும் இருக்குன்னு சொல்றியே தம்பி, நான் எப்படி எடுத்துக் கேக்குறது?" என்று ஒரு நாள் கேட்டார். கைப்பேசியில் கேட்கலாமே என்று நண்பர்கள் கூறக்கூடும். மலையடிவாரத் தோட்டத்தில் அலை வந்து வந்து போகும். அலை இருந்தாலும் அப்பத்தாவின் ஒப்பாரி எந்த இணைய இசைச் சேவையிலும் கிடைக்காது. அதைவிட முக்கியம், வழவழப்பான தொடுதிரையில் பார்வை குன்றியவரின் விரல் எதைப் பிடித்து எங்கே நிற்கும்?

கணக்கிலிருந்து தொடங்குவோம்

கருவி வாங்கப் புறப்படுமுன் சரக்கு எவ்வளவு என்று அளந்துகொள்ள வேண்டும். நம் எம்.பி.3 பாட்டுகளுள் பெரும்பாலானவை நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் பதியப்பட்டவை. 8 பிட் ஒரு பைட் ஆகையால் நொடிக்கு 16,000 பைட். நிமிடத்துக்கு 9,60,000 பைட், அதாவது 0.96 எம்.பி. ஒரு பாட்டு சராசரி நான்கரை நிமிடம் என்றால் 9,000 பாட்டுக்கு 40,500 நிமிடம். மணிக்கணக்கில் 675 மணி. இடம், 38.9 ஜி.பி.

குறுந்தகட்டின் தரம் வேறு. அதில் நொடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் நொடிக்கு 1,411 கிலோபிட், நிமிடத்துக்கு 10.6 எம்.பி. ஏன் 44,100? மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைப் பிழையின்றி மீட்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும் என்பது நாம் வகுப்பில் படித்ததே.

ஒரு வேடிக்கைக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது. அரை மணி நேரம் ஓடும் ஒரு பக்கத்துக்கு 85.7 மீட்டர் நாடா. எங்கள் வீட்டுப் பாட்டு முழுவதையும் அறுபது நிமிடக் கேசட்டுகளில் ஏற்றினால் 715 கேசட், 61 கிலோமீட்டர் நாடா! தேனியில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் பேருந்தில் ஏறினால் மறுமுனை குமுளியை எட்டிவிடும் எனலாம்.

சிறிது வரலாறு

கையடக்கக் கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்தியது. சோனியின் வாக்மேன் 1979 ஜூலை முதல் நாள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1998இல் தென்கொரியாவிலிருந்து வந்த எம்.பி.மேன் என்னும் முதல் எம்.பி.3 கருவியில் 32 எம்.பி. இடமே இருந்தது, நம் கணக்கில் ஏழு பாட்டு. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை வெளியிட்டு ஆயிரம் பாட்டு கொள்ளும் என்றது. அதன் 5 ஜி.பி. தட்டை 4.32 எம்.பி.யால் வகுத்துப் பாருங்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை என்று தெரியும். ஐபாடின் கடைசி வகையும் 2022 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. நம் வீடுகளில் பலர் பார்த்திருக்கக்கூடிய சரிகம நிறுவனத்தின் கார்வான் 2017இல் வந்தது. 5,000 பாட்டுகளை உள்ளேயே வைத்துத் தரும் நல்ல பெட்டி. திருகினால் போதும், பாடும். ஆனால் அந்த ஐயாயிரம் அவர்கள் தேர்ந்தெடுத்தவை. எங்கள் தகரப் பெட்டி அதில் இல்லை.

முதல் முயற்சி

பெயர் தெரியாத ஒரு சிறு கருவியை ஒரு கடையில் வாங்கினேன். உள்ளேயே ஸ்பீக்கர், பொத்தான்கள், அட்டை செருகும் இடம் எல்லாம் இருந்தன. விலையும் குறைவு. வீட்டுக்கு வந்த பிறகே குறைகள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன.

முதலாவது, பாதிப் பாட்டு காணாமற் போயிற்று. இத்தகைய கருவிகள் பாட்டுகளின் பட்டியலைத் தம் சிறிய நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. அது நிரம்பியதும் மீதியை எண்ணுவதில்லை. அட்டையில் பாட்டு இருக்கும், பட்டியலில் இராது. பெட்டியின் மேல் எத்தனை ஜி.பி. என்று அச்சிடுகிறார்களே ஒழிய எத்தனை கோப்பு என்று அச்சிடுவதில்லை. பெருந்தொகுப்பு வைத்திருப்போர் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே.

இரண்டாவது, அகரவரிசையில் பாடவில்லை. எந்த வரிசையில் அட்டைக்குப் படியெடுத்தோமோ அந்த வரிசையில் பாடியது. வரிசைப்படுத்தும் கருவிகளிலும் தமிழுக்கு ஒரு சங்கடம் உண்டு. யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, பிறகுதான் வ. எண் வரிசையை மட்டும் பார்க்கும் கருவி நம் அகராதி வரிசையைக் கலைத்துவிடும்.

மூன்றாவது, தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தோன்றின. எழுத்துரு இருக்கும் கருவிகளில்கூட எழுத்தை இணைத்துக் காட்டும் திறன் இல்லையேல் 'கெ'யின் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அப்பாவுக்குத் திரை பயன்படாது என்பதால் இதை நான் பெரிதுபடுத்தவில்லை. உங்களுக்காக எழுதுகிறேன்.

கடைக்காரர் ஒரு யோசனை கூறினார்: 128இல் உள்ள பாட்டுகளை 320க்கு மாற்றித் தருகிறேன், தரம் கூடிவிடும் என்று. நண்பர்களே, இதை நம்பவேண்டா. எம்.பி.3 முறையில் செவிக்குப் புலப்படாது என்று கருதப்படும் பகுதிகள் முதலிலேயே நீக்கப்படுகின்றன. நீக்கியதை மீண்டும் பெற வழியில்லை. தண்ணீர் விட்ட பாலைப் பெரிய செம்பில் ஊற்றினால் பால் கெட்டியாகுமா? இடம்தான் இரண்டரை மடங்கு ஆகும்.

கேசட்டின் கதை

தகரப் பெட்டியில் இருந்த 40 கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றுவது என் பொறுப்பாயிற்று. முதலில் ஒரு கேசட்டை நொடிக்கு 64 கிலோபிட் எம்.பி.3 ஆகச் சுருக்கினேன். அப்பத்தாவின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் நெளிந்தது. காரணம் நாடாவின் இரைச்சல். இசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதைச் சுருக்கலாம். இரைச்சலுக்கு ஒழுங்கே இல்லை. சுருக்கும் நிரல் அதனுடனேயே மல்லாடிக் குரலுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. ஆகவே பழைய கேசட்டுகளை இழப்பின்றியே சேமிக்கவேண்டும்.

இழப்பின்றி என்றால் 40 மணிக்கு 25.4 ஜி.பி. முன்னதோடு கூட்டினால் 64.3. நான் வாங்க எண்ணியிருந்ததோ 64 ஜி.பி. அட்டை! இதை எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டியபோது அவர் சிரித்தார். "டேப்பு மோனோவா, ஸ்டீரியோவாப்பா?" என்று கேட்டார். ஒரே மைக்கில், ஒற்றைத் தடத்தில் பதிந்த நாடா. இடத்திலும் வலத்திலும் ஒரே ஒலியை இரண்டு முறை சேமித்துக்கொண்டிருக்கிறேன்! இரண்டையும் கூட்டி ஒற்றைத் தடமாக்கினால் இடம் பாதி, 12.7 ஜி.பி. மேலும் ஓர் ஆதாயம்: குரல் இரு தடங்களிலும் ஒன்றாய் இருப்பதால் கூடுகிறது, இரைச்சல் தனித்தனியானதால் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 3 டெசிபல் உயர்கிறது. அதையும் பிளாக் என்னும் இழப்பற்ற வடிவில் வைத்தால் இன்னும் சுருங்கும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கேசட் டெக்கின் தலைப்பு நாடாவுக்குச் சரியான செங்குத்தில் இருக்கவேண்டும். சிறிது சாய்ந்தாலும் இரு தடங்களும் முன்பின்னாகி, கூட்டும்போது உயர்ந்த ஒலிகள் மழுங்கிவிடும். தலைப்பின் அருகில் உள்ள சிறு திருகைத் திருப்பி இதைச் சரிசெய்யலாம். நான் கணினித் திரையில் அலை வடிவத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினேன், கைகூடவில்லை. அப்பா திருப்புளியை வாங்கி, விரலால் தடவித் திருகைக் கண்டுபிடித்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே கால் சுற்றுத் திருப்பினார். அப்பத்தாவின் வளையல் சத்தம் கேட்டது. அதுவரை அந்தக் கேசட்டில் வளையல் சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. அப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்ததைப் போடு" என்றார்.

தேர்ந்தெடுத்தது

விலையுயர்ந்த புதிய கருவிகளையும் ஆராய்ந்தேன். ஒலி மிக நன்று. ஆனால் அவற்றுள் பல தொடுதிரையையே நம்பியிருப்பவை. இறுதியில் என் கவனத்தை ஈர்த்தது ராக்பாக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். 2001இலிருந்து தன்னார்வலர்கள் எழுதி வருவது. பழைய இசைக் கருவிகளில் நிறுவனத்தார் போட்ட நிரலுக்குப் பதிலாக இதை ஏற்றலாம். பிளாக் கோப்புகளைப் பாடும். கோப்புறை வழியே செல்லவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண் தெரியாதவர்களுக்காகப் பேசும்! ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு சிறு குரல் பதிவை உரிய வடிவுக்கு மாற்றி உள்ளே வைத்துவிட்டால், விரல் அந்தக் கோப்புறைக்கு வந்ததும் அக்குரல் ஒலிக்கும்.

2005இல் வந்த ஐபாடு வகையொன்றைத் தட்டு கெட்டுப்போன நிலையில் பழையதாக வாங்கினேன். சுழலும் தட்டை எடுத்துவிட்டு, இணைப்புப் பலகை ஒன்றின் உதவியால் அட்டையைப் பொருத்தினேன். மின்கலத்தையும் மாற்றினேன். சுழலும் பகுதி இல்லாததால் மின்சாரச் செலவு குறைந்தது. அதன் வட்டச் சக்கரத்தை விரலே கண்டுகொள்ளும். கணக்குப்படி 64 ஜி.பி. போதும் எனினும் 128 ஜி.பி. அட்டையே போட்டேன், ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மின்கலம் மாற்றும்போது மூடியை நெம்பி ஒரு முனையை வளைத்துவிட்டேன். இன்னும் அப்படியே இருக்கிறது.

குரல் பதிவுக்கு யாரை அழைப்பது? அப்பாவே முன்வந்தார். கல்யாணப் பந்தலில் மைக்கைத் தட்டிப் பார்த்து அறிவித்த அதே தொனியில், "அடுத்து வருவது, நடவுப் பாட்டு" என்று ஒவ்வொரு கோப்புறைக்கும் பேசிக் கொடுத்தார். 112 கோப்புறைகள், ஒரே மாலையில். எம்.எஸ்.வி. கோப்புறைக்கு மட்டும் மூன்று முறை பேசித் திருத்தினார்.

காதில் மாட்டும் கருவி வேண்டாமென்று பழைய ஸ்பீக்கர் ஒன்றை இணைத்திருக்கிறோம். காதொலிப்பான் பயன்படுத்தும் நண்பர்களுக்கு ஒரு சொல்: உலக நல நிறுவனம் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரமே பாதுகாப்பான எல்லை என்கிறது. மூன்று டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகக் குறையவேண்டும்.

மின்னேற்றத்தைத் தேக்கி வைப்பதே இந்த அட்டைகளின் அடிப்படை. அந்த மின்னேற்றம் காலப்போக்கில் கசியக்கூடியது. ஆகவே பாடும் பெட்டியைப் பத்திரப் பெட்டி என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டு வன்தட்டுகளில் படி எடுத்து, ஒன்றைச் சின்னமனூரில் அத்தை வீட்டில் வைத்திருக்கிறேன்.

நாற்பதில் 31 கேசட்டுகள் முடிந்துவிட்டன. மீதி ஒன்பதில் பூஞ்சை பிடித்திருக்கிறது. மெல்லச் சுத்தம் செய்து வருகிறேன். அட்டையில் இன்னும் பாதிக்கு மேல் இடம் காலியாக உள்ளது. உங்கள் வீட்டுப் பரணிலும் பாட்டியோ அம்மாச்சியோ பாடிய கேசட் கிடக்கலாம். இயற்பியல் துறை ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். புதன்கிழமை பிற்பகல்களில் டெக்கும் கணினியும் அங்கே இருக்கும். நாடா சுருளை விரலால் தொடாமல், உறையோடு கொண்டுவந்தால் நலம்.