கழுத்தின் நிலையுணர்வும் நடையின் உறுதியும்

உடலெங்கும் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, சிந்தனையில் மந்தம் ஆகியவற்றைக் கொண்ட ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி 1990-இல் வகுத்த வரையறையில், அழுத்தினால் வலிக்கும் 18 இடங்கள் குறிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு பிடரியிலும் கழுத்தின் கீழ்ப்பகுதியிலும் இருந்தன. 2010-இல் வெளியான புதிய வரையறை, உடன்வரும் அறிகுறிகளுள் தலைச்சுற்றலையும் சேர்த்தது. ஆயினும் வலியைப் பற்றிக் கேட்கப்படும் அளவுக்குத் தள்ளாட்டத்தைப் பற்றி நோயாளிகளிடம் கேட்கப்படுவதில்லை. ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதால் அது வெறும் பயம் என்றே வீட்டாரும் கருதிவிடுகின்றனர்.

உடல் நிலைகுலையாமல் நிற்பதற்குக் கண், உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, தசை மற்றும் மூட்டுகளின் நிலையுணர்வு ஆகிய மூன்றும் மூளைக்கு ஒத்த செய்தியை அனுப்ப வேண்டும். நிலையுணர்வு என்பது, கண்ணால் பாராமலே உறுப்புகள் எங்கே, எப்படி இருக்கின்றன என்பதை உணரும் திறன். மண்டையோட்டின் அடியில் பிடரியை ஒட்டியுள்ள சிறு தசைகளில், தசை நீளும் அளவை உணரும் நுண்ணுறுப்புகள் மிக அடர்ந்துள்ளன. நீடித்த வலியும் இறுக்கமும் அச்செய்தியைக் குழப்பும்போது, தலை நேராக இருப்பதாக மூளை எண்ணுவதும் உண்மையில் அது சாய்ந்திருப்பதும் முரண்படுகின்றன. இந்நோயுடையோரிடம் கழுத்து நிலையுணர்வுப் பிழையும் கீழே விழுதலும் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இக்குறையைக் கண்பார்வையைக் கொண்டே பலர் ஈடுசெய்வதால், பார்வை உதவாத இடங்களில்தான் அது வெளிப்படும். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதும், மாடியில் அண்ணாந்து கொடியில் துணி உலர்த்தும்போதும், தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் கூட்டத்தோடு இறங்கிக்கொண்டே மின்சார ரயில் வருகிறதா எனத் திரும்பிப் பார்க்கும்போதும், மழைக்காலத்தில் முடிச்சூர்ப் பகுதித் தெருக்களில் தேங்கிய நீருக்குள் கால் வைக்கும்போதும் தள்ளாட்டம் கூடுகிறது. ஆகவே முதலில் கண்ணையும் பிறகு தலையையும் திருப்புவது, படியில் கைப்பிடியைப் பற்றியபடி நின்று பார்த்தபின் இறங்குவது, குளியலறையில் பிடிமானமும் இரவில் சிறுவிளக்கும் வைப்பது, துணிக்கொடியைத் தோளுயரத்துக்குத் தாழ்த்துவது ஆகியவை உடனே பயன் தருபவை.

நிலையுணர்வைப் பயிற்சியால் மீட்க இயலும். இயன்முறை மருத்துவர்கள் நோயாளியின் தலையில் சிறு லேசர் விளக்கைப் பொருத்தி, சுவரிலிருந்து 90 செ.மீ. தொலைவில் அமரச் செய்கின்றனர். அவர் கண்ணை மூடித் தலையைத் திருப்பி, மீண்டும் நேரே கொண்டுவந்ததாகக் கருதும்போது ஒளிப்புள்ளி எவ்வளவு விலகியுள்ளது எனக் காண்கின்றனர். ஏறத்தாழ 4.5 பாகை, அதாவது சுவரில் 7 செ.மீ. அளவுக்கு மேற்பட்ட விலகல் பிழையாகக் கொள்ளப்படுகிறது. இதே சோதனையை அன்றாடம் சில முறை, வலி ஏறுமுன் நிறுத்திவிடும் அளவில் செய்வதே பயிற்சியுமாகும். நிற்கும் பயிற்சியைச் சுவர் மூலையில், பாதங்களைச் சேர்த்துத் தொடங்க வேண்டும். கண்ணை மூடி நிற்பதைத் துணைக்கு ஆள் இருக்கும்போது மட்டுமே செய்யலாம்.

ஐரோப்பிய மூட்டுவாதக் கூட்டமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வலுவாகப் பரிந்துரைக்கப்பட்ட ஒரே சிகிச்சை உடற்பயிற்சியே. எனினும் வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு மறுநாள் படுத்துவிடுவதைக் காட்டிலும், சமதளமான நடைபாதையில் நாள்தோறும் சிறிது தூரம் நடந்து, மெல்லக் கூட்டிக்கொண்டு போவதே நிலைக்கும். முடிதிருத்தகங்களில் கழுத்தைச் சட்டெனத் திருப்பி நெட்டி எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அது மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயைக் கிழித்துவிடக்கூடும்.

எல்லாத் தள்ளாட்டமும் கழுத்தினால் வருவதன்று. ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் முதலிய மாத்திரைகளே தலைச்சுற்றலைத் தரலாம். பி12 குறைபாடு, ரத்த அழுத்தம், உட்காது நோய் ஆகியவற்றையும் ஆராய வேண்டும். இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கைகால் செயலிழப்பு, திடீர்க் கடுந்தலைவலி ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மற்றபடி, எந்த அசைவில், எந்த வெளிச்சத்தில், எந்த மாத்திரைக்குப் பின் தள்ளாடுகிறது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுவது, “தலை சுத்துது” என்று மட்டும் சொல்வதைவிடச் சரியான சிகிச்சைக்கு விரைவில் வழிகாட்டும்.