போன புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு

மாவட்ட அளவிலான பேட்மிண்டன் போட்டிகளில் மூன்றாவது கேமைத் தொடர்ந்து கவனித்தால் ஒன்று கண்ணில் படும். 17-17 வரை பிரமாதமாக ஆடிய பிள்ளை ஒரு சர்வீஸை வலையில் அடிக்கும். அதன் பிறகு மூன்று புள்ளிகள் மளமளவென்று போய்விடும். அந்த மூன்றையும் எதிராளி ஆடிச் சம்பாதித்தார் என்று சொல்ல முடியாது. வலையில் விழுந்த ஷட்டிலை விட்டுப் பிள்ளையின் மனம் இன்னும் நகரவில்லை. கேலரியிலிருந்து அப்பா "கான்சன்ட்ரேட் பண்ணுடா!" என்று கத்துவார். எதைச் செய்தால் அது கான்சன்ட்ரேட் செய்வது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பேக்ஹேண்டுக்குக் கோச் உண்டு, ஃபுட்வொர்க்குக்கு உண்டு, இதற்கு மட்டும் கத்தல்தான்.

இதையும் சொல்லித் தர முடியும், பழக முடியும். பதற்றமே வராத மனிதராக யாரையும் ஆக்க முடியாது. அதற்கு முயல்வதே வீண். சிதறிய கவனத்தைச் சீக்கிரம் திரும்பக் கொண்டுவரலாம். 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது, 18 வயது குகேஷ் முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டு, டிங் லிரெனிடம் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். 11ஆவது ஆட்டத்தில் வென்று முன்னே போனார், அடுத்த ஆட்டத்திலேயே மறுபடி தோற்றார். 14ஆவது ஆட்டத்தில் டிங் ரூக்கைத் தவறான கட்டத்தில் வைத்த தருணத்தைப் பிடித்துக்கொண்டு 7.5-6.5 என்று பட்டத்தை வென்றார். அவருடன் மனப்பயிற்சியாளராக இருந்தவர் பேடி அப்டன். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியிலும் அதே பணியில் இருந்தவர். ஆட்டம் தொடங்கும் முன் குகேஷ் நாற்காலியில் அசையாமல் கண்மூடி உட்கார்ந்திருப்பதை நேரலையில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். விளையாட்டு எதுவானாலும், நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படி ஒரு வழக்கத்தை உருவாக்கிக்கொள்ளலாம்.

முதல் வேலை, ஒரு வாரம் நோட்டில் எழுதுவது. பயிற்சி முடிந்ததும் ஐந்து நிமிடம் போதும். கவனம் எப்போது போனது, அப்போது உடம்பு என்ன செய்தது, அடுத்து என்ன ஆனது என்று மூன்றே விஷயங்கள். "டென்ஷனா இருந்தது" என்று எழுதினால் பயனில்லை. "பல்லைக் கடித்தேன்", "தோள் காதுவரை ஏறிவிட்டது", "மூச்சு வாங்குவதற்குள் சர்வீஸ் போட்டுவிட்டேன்" என்று எழுத வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்று அறிகுறிகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவசரம் அவற்றில் முக்கியமானது. கால்பந்து பெனால்டி ஷூட்அவுட்களை ஆராய்ந்த நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட், நடுவர் விசில் ஊதிய உடனே ஓடிவந்து உதைப்பவர்கள் கோலைத் தவறவிடுவது அதிகம் என்று காட்டியிருக்கிறார். சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்ற தவிப்பு அது.

அடுத்தது, மீள்வதற்கான வழக்கத்தை அமைப்பது. இதில் நிதானமாக நேரம் செலவிடுங்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. முதலில் உங்கள் ஆட்டத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பாருங்கள். டென்னிஸில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 25 நொடி. கபடியில் ஒரு ரெய்டே 30 நொடிதான், ரெய்டு முடிந்து திரும்பும் நேரம் அதைவிடக் குறைவு. பேட்மிண்டனில் ஷட்டிலை எடுத்துத் தரும் நேரம் மட்டுமே. அந்த நேரத்துக்குள் அடங்குவதாக வழக்கம் இருக்க வேண்டும்.

பேட்மிண்டன் ஆடும் பெண் ஒருத்தியை வைத்துப் பார்ப்போம். புள்ளி போனதும் அவள் வலைக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறாள். ராக்கெட்டை இடது கைக்கு மாற்றுகிறாள், வலது கை விரல்களை விரித்து உதறுகிறாள். அந்தப் புள்ளி அத்தோடு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். பின்கோட்டை நோக்கி இரண்டு எட்டு நடந்தபடி, நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுகிறாள். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பு தணிகிறது, இறுகிய தோள் இறங்குகிறது. பிறகு ராக்கெட் நரம்புகளைப் பார்த்து ஒரே ஒரு கட்டளை: "கவிதா, கால நகத்து." திரும்புகிறாள், எதிராளியின் ராக்கெட் தலையில் கண்ணை வைக்கிறாள். எல்லாம் சேர்ந்து பத்து, பன்னிரண்டு நொடி.

அந்தக் கட்டளையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். அது செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். "வலையில அடிச்சிடாதே" என்று சொல்லிக்கொண்டால் மனக்கண்ணில் முதலில் வருவது வலைதான். "உயரமா தூக்கு" என்றால் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. இரண்டாவது, தன் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிடுவது. "நான் ஏன் இப்படி ஆடுறேன்" என்று புலம்புவதைவிட, பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வதுபோலப் பெயர் சொல்லிப் பேசிக்கொள்பவர்கள் நெருக்கடியைத் தெளிவாகக் கையாள்கிறார்கள் என்று ஈத்தன் க்ராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் ஓர் ஆய்வில் காட்டினார்கள்.

மூன்றாவது படியில்தான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். இறுதிப் போட்டியன்று மட்டும் இந்த வழக்கத்தை எடுத்துப் பயன்படுத்த முடியாது. சாதாரண செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில், ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் செய்ய வேண்டும், சலிக்கும்வரை. அது கையோடு ஒட்டிய பிறகு கோச் நெருக்கடியைக் கூட்டலாம்: 17-19 பின்தங்கிய நிலையிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கலாம், வேண்டுமென்றே தவறான லைன் கால் கொடுக்கலாம். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் பயிற்சியாளர் பாப் போமன் ஒருமுறை போட்டிக்கு முன் தெரிந்தே அவருடைய நீச்சல் கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து எதுவும் தெரியாமல் போனது. அவர் கைவீச்சுகளை எண்ணியபடி நீந்தி, 1 நிமிடம் 52.03 நொடியில் உலக சாதனையோடு சுவரைத் தொட்டார்.

முந்தைய இரவு ஐந்து நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். கோப்பையைத் தூக்கும் காட்சி வேண்டாம். ஒரு தவறு நடப்பதையும் அதிலிருந்து நீங்கள் மீள்வதையும் நிஜ வேகத்தில் பாருங்கள்.

போட்டியன்று நெஞ்சு படபடத்தால் "அமைதியா இரு" என்று அதட்டாதீர்கள். அட்ரினலின் ஏறிய உடம்பு அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாது. "நான் ரெடியாகுறேன், ஆர்வமா இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸின் 2014 ஆய்வில், அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் பாட்டிலும் மேடைப் பேச்சிலும் கணக்கிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

மைதானத்துக்கு வெளியே இதே வழக்கம் அப்படியே செல்லும். பொதுத்தேர்வு எழுதும் மாணவர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம்: "கேள்வி புரியலைன்னா, எண்ணுக்குப் பக்கத்துல ஒரு கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போவேன்." இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்பே கட்டிவைத்த முடிவு, அந்த நேரத்தில் யோசித்துத் தவிப்பதை மிச்சப்படுத்துகிறது. ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடப் போகிறவர் காலை ஊன்றிவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்படியே தீர்மானித்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு செவிலியரை நினைத்துப் பாருங்கள். ஒரு படுக்கையில் நோயாளியின் உறவினர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். அடுத்த படுக்கையில் ஊசி மருந்தின் அளவு தவறக் கூடாது. இடையில் கையில் சானிடைசர் தேய்க்க இருபது, முப்பது நொடி எப்படியும் ஆகும். அதுவே அவருடைய வழக்கம் ஆகட்டும்: கை தேயும்போது நீண்ட வெளிமூச்சு, கை உலர்ந்ததும் "பேரும் அளவும் பார்" என்ற ஒரே கட்டளை. இதற்காகத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை மன்றாடியே சொல்கிறேன். தோற்ற பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டிக்கொண்டே ஆட்டத்தை அலசாதீர்கள். இறங்கிப் போக முடியாத இடத்தில் விழும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த போட்டிக்கும் கூடவே வரும். "பசிக்குதாம்மா, பரோட்டா சாப்பிடலாமா?" என்று கேளுங்கள், போதும். பிள்ளையே "அந்த சர்வீஸ்..." என்று ஆரம்பித்தால் காது கொடுங்கள். யோசனை மறுநாள் கோச்சிடமிருந்து வரட்டும்.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், பிடித்த ஆட்டத்தையே வெறுக்க ஆரம்பித்தால், வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், மூச்சுப்பயிற்சி போதாது. உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

நான்கு வாரம் கழித்துப் பழைய நோட்டை எடுங்கள். வெற்றி தோல்வியை எண்ண வேண்டாம். ஒரு தவறுக்குப் பிறகு ஆட்டத்துக்குத் திரும்ப எத்தனை புள்ளிகள் ஆனது என்று மட்டும் பாருங்கள். நான்காக இருந்தது இரண்டாகியிருந்தால் வழக்கம் வேலை செய்கிறது. குறையவில்லை என்றால் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு வாரம் பாருங்கள். பெரும்பாலும் எடுக்க வேண்டியிருப்பது சொற்களைத்தான். கட்டளை மூன்று வார்த்தையைத் தாண்டியிருக்கும்.