விநாடி குறைந்தால் மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் சாப்பிடுகிறார். கடலூர் லேபில் பி.டி. 36 விநாடி, ஐ.என்.ஆர். 3.0 என்று வந்தது. சிதம்பரத்தில் தங்கை வீட்டில் இருந்தபோது அங்கே எடுத்ததில் பி.டி. 21 விநாடிதான், ஐ.என்.ஆர். 2.9. ரத்தம் கெட்டியாகிவிட்டதா? மாத்திரையைக் கூட்டலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: கூட்டவே கூடாது. இரண்டு லேபும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கின்றன.

பிளாஸ்மாவில் திராம்போபிளாஸ்டினும் கால்சியமும் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்ப்பதுதான் பி.டி. 1935-ல் அமெரிக்காவின் ஆர்மண்ட் குயிக் வெளியிட்ட முறை. சிக்கல் திராம்போபிளாஸ்டினில் இருக்கிறது. முயல் மூளையிலிருந்து எடுத்தது ஒரு மாதிரி வேலை செய்யும், மரபணு முறையில் தயாரித்தது வேறு மாதிரி. இதை விநாடிக் கணக்கு காட்டாததால், அமெரிக்காவில் ஒரு காலத்தில் பலருக்குத் தேவைக்கு மேல் வார்ஃபரின் (அசிட்ரோம் வகை மாத்திரைதான்) கொடுத்து ரத்தக்கசிவில் கொண்டுபோய் விட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 1983-ல் ஐ.என்.ஆர். முறையைப் பரிந்துரைத்தது இதனால்தான்.

திராம்போபிளாஸ்டினுக்குத் திராம்போபிளாஸ்டின் உள்ள வித்தியாசத்தைச் சரிக்கட்ட, ஒவ்வொரு பெட்டியோடும் ஐ.எஸ்.ஐ. என்று ஒரு எண் வரும் (குக்கரில் இருக்கும் முத்திரை அல்ல!). ஆரோக்கியமானவர்களின் சராசரி இரண்டு லேபிலும் 12 விநாடி என்று வைத்துக்கொள்வோம். கடலூரில் 36-ஐ 12-ஆல் வகுத்தால் 3, ஐ.எஸ்.ஐ. 1.0 என்றால் ஐ.என்.ஆர். 3.0. சிதம்பரத்தில் 21-ஐ 12-ஆல் வகுத்தால் 1.75, அங்கே ஐ.எஸ்.ஐ. 1.9 என்றால், 1.75-க்கு 1.9 அடுக்கு போட்டால் 2.9. கணக்கு சரியாகிவிட்டதா?

ஆனால் ஐ.என்.ஆரும் தவறலாம். புது பேட்ச் வந்தும் மெஷினில் பழைய ஐ.எஸ்.ஐ. எண்ணையே விட்டுவைத்தால் போச்சு. அந்தச் சராசரியையும் குறைந்தது 20 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் லேபே எடுக்க வேண்டும். கிட் அட்டையில் அச்சிட்டதைப் பார்த்து எழுதக் கூடாது. நீங்களே கவனிக்கக் கூடியது நீல மூடி டியூப். அதில் ஒரு பங்கு சிட்ரேட், ஒன்பது பங்கு ரத்தம். நரம்பு கிடைக்கவில்லை என்று பாதி டியூபோடு நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சி, ஐ.என்.ஆர். பொய்யாக ஏறும். கோடு வரை நிரம்பாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

வேலூர் சி.எம்.சி.யிலிருந்து ஒரே மாதிரியைப் பல லேப்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும் தரச் சோதனைத் திட்டம் நடக்கிறது. உங்கள் லேப் அதுபோன்ற ஒன்றில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மைட்ரல் உலோக வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அம்மா அதற்குள்தான் இருக்கிறார். ஈறில் ரத்தமோ கறுப்பாக மலமோ போனால், ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.