கொதிக்கிற தண்ணீரில் வேலை பார்க்கும் நொதிகள்



முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு ஏன் கெட்டியாகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? சூட்டில் புரதங்களின் மடிப்பு குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆறவைத்தாலும் பழைய நிலை வராது. நம் உடம்பின் நொதிகளும் பெரும்பாலும் புரதம்தான். அதனால்தான் "சூடு கூடினால் நொதி செயலிழக்கும்" என்று பள்ளியிலேயே படித்தோம்.

ஆனால், 100 டிகிரி செல்சியஸில்தான் நன்றாக வளருவேன் என்று அடம்பிடிக்கிற ஓர் உயிரி இருக்கு! பெயர் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ். இத்தாலியின் வல்கனோ தீவில், எரிமலைச் சூடு ஏறிய கடல்படிவிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1986-ல் அறிவித்தவர்கள் கெர்ஹார்ட் ஃபியாலா, கார்ல் ஸ்டெட்டர். இது பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா வகை.

முதலில் சவ்வைப் பாருங்க

நொதி மட்டும் சூடு தாங்கினால் போதுமா? போதாது. அது பதிந்திருக்கும் செல்சவ்வும் தாங்கணும். நம் சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில் இருப்பது எஸ்டர் பிணைப்பு. கொதிநிலையில் அது எளிதில் நீராற்பகுப்பு அடையும். ஆர்க்கியாவில் இருப்பதோ ஈதர் பிணைப்பு, இது உறுதியானது. அதோடு, சவ்வின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே மூலக்கூறாக நீளும் கொழுப்புகளும் உண்டு. இரண்டு பலகையை ஆணி அடித்துச் சேர்த்த மாதிரி, சூட்டில் பிரியாது.

சவ்வுக்குள் ஒரு பம்ப்

இந்தச் சவ்வில்தான் ஹைட்ரஜனேஸ் என்ற நொதி உட்கார்ந்திருக்கு. மொத்தம் 14 துணை அலகுகள். சர்க்கரையை உடைக்கும்போது கிடைக்கும் எலெக்ட்ரான்களை ஃபெரிடாக்சின் என்ற சிறு புரதம் கொண்டுவந்து கொடுக்கும். அவை இரும்பு-கந்தகக் கொத்துகள் வழியே தாவி, நிக்கல்-இரும்பு மையத்துக்குப் போய், அங்கே புரோட்டானுடன் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு ஆகும். இதில் வெளிப்படும் ஆற்றலால் சோடியம் அயனிகள் வெளியே தள்ளப்படும். அவை திரும்ப உள்ளே பாயும்போது ஏடிபி தயாராகும். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, அது இறங்கும்போது டர்பைன் சுற்றுகிற மாதிரி!

ஏன் சோடியம்? சூடு கூடக்கூட சவ்வின் வழியே புரோட்டான் அதிகமாகக் கசியும். சோடியம் அவ்வளவு கசியாது. ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றி என்ன பயன்?

இதனால் நமக்கென்ன?

இந்த நொதியின் அமைப்பு 2018-ல் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் வெளியானது. அது நம் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள காம்ப்ளெக்ஸ் ஒன்று என்ற நொதியின் நெருங்கிய உறவு. காம்ப்ளெக்ஸ் ஒன்றில் கோளாறு வந்தால், குழந்தைகளின் மூளையைத் தாக்கும் லீ நோய்க்குறி போன்ற கடும் நோய்கள் வரலாம். அந்தப் பெரிய இயந்திரம் எப்படி ஓடுது, எங்கே பழுதாகுது என்று புரிந்துகொள்ள இந்தக் கொதிநீர் உறவு கைகொடுக்கிறது.

லேபில் பிசிஆர் செய்தவர்களுக்கு இன்னொரு தகவல்: நீங்க பயன்படுத்தும் 'பிஎஃப்யூ' பாலிமரேஸ் இதே உயிரியிலிருந்து வந்ததுதான்.

கடைசியாக ஒன்று. "வெப்பநாட்ட உயிரிகள் எப்படிச் சூட்டைத் தாங்குகின்றன?" என்று தேர்வில் கேட்டால், நம்மில் பலர் புரதத்தை மட்டும் எழுதிட்டு வந்துடுவோம். அடுத்த முறை சவ்வையும் சோடியத்தையும் சேர்த்து எழுதுங்க. பாதி விடை அங்கேதான் இருக்கு!